கட்டிப் படிக்கும் மாணவர்கள்: அலபாமாவின் ஹேல் கவுண்டியில்

பர்மிங்ஹாமிலிருந்து டஸ்கலூசா வரை அகலமான நெடுஞ்சாலை. அங்கே 69ஆம் எண் சாலை தெற்கே பிரிந்ததும் நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. இருபுறமும் பைன் காடு. அறுத்த மரத்தடிகளைச் சங்கிலியால் கட்டி ஏற்றிக்கொண்டு லாரிகள் எதிரே வருகின்றன. ஆளில்லாத வீடுகளையும் மின்கம்பங்களையும் குட்சு கொடி அடியிலிருந்து உச்சிவரை போர்த்தி வைத்திருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் மவுண்ட்வில் வருகிறது. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே நகரம் கண்டிருந்த பூர்வகுடிகள், மண் சுமந்து எழுப்பிய பெரிய மேடுகள் இன்றும் புல் மூடி நிற்கின்றன. இங்கிருந்து தொடங்குவதுதான் ஹேல் கவுண்டி. ஏறக்குறைய 15,000 பேர் வாழும் வட்டாரம். அமெரிக்காவின் செல்வச் செழிப்பைக் காட்டும் படங்களில் இந்த ஊர்கள் வருவதில்லை.

கட்டடக் கலை படிக்கிறவர்களுக்கு மட்டும் ஹேல் கவுண்டி என்ற பெயர் நன்றாகத் தெரியும். டோக்கியோவிலும் லண்டனிலும் உள்ள வகுப்பறைகளில் இந்த வட்டாரத்து வீடுகளின் படங்களைப் போட்டுப் பாடம் நடத்துகிறார்கள். காரணம், ஆபர்ன் பல்கலைக்கழகம் 1993 முதல் இங்கே நடத்திவரும் 'ரூரல் ஸ்டூடியோ'. சாமுவேல் மாக்பீ, டி.கே. ரூத் என்ற இரண்டு பேராசிரியர்கள் தொடங்கியது. ஆபர்ன் நகரம் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது, ஹேல் கவுண்டியோ மேற்கில். கல்லூரியிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். வார இறுதியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற தூரம் இல்லை. வந்தால் தங்கியாக வேண்டும். அந்தத் தூரம்தான் இந்தப் பள்ளியை உருவாக்கியது என்றே சொல்லலாம்.

இந்த நிலத்துக்குக் 'கறுப்பு மண் பட்டை' என்று பெயர். வளமான கரிசல். பருத்தி விளைந்தது, பருத்திக்காக அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகும் குத்தகை விவசாயிகள் கடனிலேயே பிறந்து கடனிலேயே இறந்தார்கள். 1936இல் ஜேம்ஸ் ஏஜி என்ற எழுத்தாளரும் வாக்கர் எவன்ஸ் என்ற புகைப்படக் கலைஞரும் இந்தக் கவுண்டியில் தங்கித்தான், பருத்திக் குத்தகைக் குடும்பங்கள் மூன்றின் வாழ்க்கையைப் பதிவு செய்தார்கள். 1941இல் புத்தகமாக வந்த அந்தப் பதிவு அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தின் முகமாகவே நிலைத்துவிட்டது. பருத்தி போன பின் அந்த வயல்களில் பல கெளுத்தி மீன் குளங்களாயின. வறுமை மட்டும் போகவில்லை. மாக்பீ வந்து பார்த்தபோது, தரையில் ஓட்டையும் கூரையில் ஒழுக்குமாக நின்ற குடிசைகளில் முதியவர்கள் இருந்தார்கள்.

பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் பிறந்தவர் மாக்பீ. பணக்காரர்களுக்கு வீடு வரைந்து பேர் வாங்கியவர். ஏழைக்குக் கட்டுகிற வீடு சூடாகவும் நனையாமலும் இருந்தால் போதாது, அதில் கௌரவமும் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பணம் இல்லை, மாணவர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் தூக்கி எறிந்த பொருள் ஊரெங்கும் இறைந்து கிடந்தது. இந்த மூன்றையும் சேர்த்ததுதான் அவருடைய பாடத்திட்டம்.

கிரீன்ஸ்பரோவைத் தாண்டி 61ஆம் எண் சாலையில் தெற்கே போனால் நியூபர்ன். இருநூறு பேர்கூட இல்லாத ஊர். ஒரு கடைத்தெரு, தபால் நிலையம், சில தேவாலயங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மோரிசெட் இல்லம் என்ற மர வீடுதான் பள்ளியின் தலைமையகம். வீட்டுக்குப் பின்னால் நீண்டு உயர்ந்த ஒரு கொட்டகை. அதன் கீழே வரிசையாகச் சிறு அறைகள். மாணவர்கள் தங்குவதற்காக மாணவர்களே கட்டியவை. ஓர் அறையின் வெளிச்சுவர் முழுக்கப் பழைய கார் நம்பர் பிளேட்டுகள். இன்னோர் அறையின் சுவர், மெழுகு பூசிய அட்டைப் பெட்டிகளை இறுக்கிக் கட்டிய பொதிகளால் ஆனது. மெழுகு ஏறிய அட்டையை மறுசுழற்சி ஆலை எடுத்துக்கொள்வதில்லை, அது நேரே குப்பைமேட்டுக்குத்தான் போகும். அதைத் தடிமனான சுவராக அடுக்கினால் குளிரையும் வெயிலையும் தடுக்குமா, மழைக்கு நிற்குமா என்று பார்க்க 2001இல் மாணவர்கள் செய்த சோதனை அது. தங்கள் சோதனையைத் தங்கள் படுக்கைக்கு மேலேயே வைத்துப் பார்த்ததை மெச்ச வேண்டும். அடுத்தவர் வீட்டில் அதைச் செய்து பார்ப்பது நியாயமாகாது.

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒரு பருவம் இங்கே வந்து தங்குகிறார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் பெரும்பாலும் நால்வர் அணியாகச் சேர்ந்து, ஒரு கட்டடத்தை முதல் கோட்டிலிருந்து கடைசி ஆணி வரை முடித்துக் கொடுக்க வேண்டும். பட்டம் வாங்கிய பிறகும் வேலை முடியாமல் இங்கேயே தங்கிவிடுகிறவர்கள் உண்டு. பருவத் தொடக்கத்தில் ஒரு வாரம் வரைபடம், பென்சில் எதற்கும் இடமில்லை. பழைய மாணவர்கள் கட்டிவிட்டுப் போன கட்டடங்களுக்குப் போய்ச் சுத்தம் செய்கிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், இற்றுப்போன பலகையை மாற்றுகிறார்கள். கழுத்துக்குக் கீழே இருக்கிற உடம்புக்கு மட்டும் வேலை என்று அந்த வாரத்துக்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டடக் கலைக் கல்லூரிகளில் பராமரிப்பைப் பாடமாக வைப்பது அரிது. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்பதைக் கையில் பெயர்த்தெடுத்துப் பார்த்த மாணவி, தன்னுடைய வரைபடத்தில் தண்ணீர் தேங்குகிற மூலையை விட மாட்டாள்.

பிளாக் வாரியர் ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் மேசன்ஸ் பெண்ட் இருக்கிறது. நான்கு பெருங்குடும்பங்கள் கிளைத்துப் பரவிய கறுப்பினக் குடியிருப்பு. ஸ்டூடியோவின் முதல் வீடு 1994இல் இங்கேதான் எழுந்தது. பேரப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த ஒரு முதிய தம்பதிக்காகக் கட்டியது. வைக்கோல் கட்டுகளைச் செங்கல்போல அடுக்கி மேலே பூசிய சுவர். வைக்கோல் மலிவு, வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. வீட்டின் முன்னால் அகலமான தாழ்வாரம், ஏனென்றால் அந்தத் தம்பதி பகல் முழுதும் வெளியேதான் உட்காருவார்கள். பக்கத்திலேயே, வீட்டுக்காரர் மீனையும் இறைச்சியையும் புகையிட்டுப் பதப்படுத்த ஒரு சிறு கூடம். உடைத்த கான்கிரீட் துண்டுகளை அடுக்கிச் சுவர், நடுநடுவே வண்ணப் பாட்டில்களைப் பதித்து வெளிச்சம், கூரையில் பழைய சாலைப் பலகைகள். மொத்தச் செலவு சுமார் 140 டாலர். மாலை வெயில் சாய்ந்ததும் பாட்டில்கள் ஒவ்வொன்றாக எரிவதுபோல் ஒளிர்வது பல புத்தகங்களில் படமாகியிருக்கிறது.

1997இல் கட்டிய 'பட்டாம்பூச்சி வீடு' இங்கே இன்னொரு திருப்பம். இரண்டு தகரக் கூரைகள் இறக்கை விரித்ததுபோல மேலே உயர்ந்து நடுவில் சந்திக்கின்றன. காற்று உள்ளே இழுபடுகிறது. மழைநீர் நடுவில் வடிந்து தொட்டிக்குப் போய்க் கழிப்பறைக்கும் துணி துவைப்பதற்கும் பயன்படுகிறது. மரமெல்லாம் ஒரு பழைய தேவாலயத்தைப் பிரித்தபோது கிடைத்த பைன். நூறாண்டு காய்ந்து இறுகிய மரம் இன்று மரக்கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

டயர் தேவாலயத்தின் கதையை இங்கே எல்லோரும் சொல்வார்கள். சாயர்வில்லில் 1995இல் மூன்று மாணவர்கள் கட்டியது. தன் இடத்தில் மலைபோலக் குவிந்த பழைய டயர்களை அகற்றும்படி நீதிமன்ற உத்தரவு வாங்கியிருந்த ஒரு வியாபாரி. இலவசமாக ஏதாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்த மாணவர்கள். ஏறக்குறைய ஆயிரம் டயர்கள் கைமாறின. ஒவ்வொரு டயருக்குள்ளும் மண்ணைக் கொட்டி, பாறைபோல இறுகும்வரை இடித்து நிரப்பி, செங்கல்போல ஒன்று மாற்றி ஒன்று அடுக்கி, மேலே சிமென்ட் பூசினார்கள். கைவிடப்பட்ட ஒரு பழைய வீட்டின் உத்தரங்கள் கூரையைத் தாங்கின. செலவு 15,000 டாலர். மண்ணுக்குள் பாதி இறங்கி, மறுமுனையில் பள்ளத்தாக்கை நோக்கித் திறந்துகொள்ளும் அந்த இடத்தின் படத்தைப் பார்க்கிறவர் எவருக்கும் டயர் ஞாபகம் வராது. சட்டச் சிக்கலாகக் கிடந்த பொருள் ஒரு வழிபாட்டு இடத்தின் சுவராக மாறியதை அந்த மூன்று மாணவர்களும் தங்கள் தோள் வலியோடு கற்றார்கள். டயர் எரிக்கவும் கூடாத, புதைக்கவும் கூடாத பொருள் என்பதை அதற்குப் பிறகு யாரும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மேசன்ஸ் பெண்டில் 2000இல் கட்டிய சமுதாயக் கூடம் இன்னும் துணிச்சலானது. மாணவர் ஒருவர் சிகாகோவில் ஒரு காயலான் கடைக்குப் போய், ஷெவர்லே காப்ரிஸ் கார்களின் முன்பக்கக் கண்ணாடிகள் எண்பதை 120 டாலருக்கு வாங்கி வந்தார். மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து மாட்டி அதையே கூரையாக்கினார்கள். கீழே, அந்த ஊர் மண்ணோடு மணலும் சிறிது சிமென்டும் கலந்து இடித்துக் கெட்டித்த சுவர். வளைந்த கண்ணாடி ஒன்றைச் செய்விக்க ஆகும் விலையில் ஒரு கூரையே முடிந்துவிட்டது. 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் தன் ஈராண்டுக் கண்காட்சியில் ரூரல் ஸ்டூடியோவுக்கு இடம் கொடுத்தது. அதே ஆண்டு முடிந்த இன்னொரு வீட்டின் சுவரில் 72,000 கார்பெட் துண்டுகள். இன்டர்ஃபேஸ் என்ற தரைவிரிப்பு நிறுவனம் கொடுத்தவை. கனமான மரச்சட்டம் மேலிருந்து அழுத்த, துண்டுகள் இறுகி நிற்கின்றன. சூறாவளி அடிக்கடி வருகிற வட்டாரம் ஆதலால், வீட்டுக்கு அடியில் ஒரு கான்கிரீட் புகலறையும் உண்டு.

அந்த வீடு முடிவதைப் பார்க்க மாக்பீ இல்லை. 2000இல் மக்ஆர்தர் விருது பெற்றவர், 2001 டிசம்பரில் ரத்தப் புற்றுநோயால் 57 வயதில் இறந்துபோனார். 2004இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அவர் மறைவுக்குப் பிறகு தன் தங்கப் பதக்கத்தை அளித்தது. பள்ளியின் பொறுப்பு ஆண்ட்ரூ ஃப்ரியரிடம் வந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்து நியூபர்னிலேயே ஊன்றிவிட்டவர்.

பயணிகள் பலர் மாக்பீ காலத்து வீடுகளைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது பாதிப் பயணம். அடுத்த பாதி படத்தில் அவ்வளவு அழகாக விழாது, பாடமோ அங்கேதான் முதிர்கிறது.

டயரிலும் கார் கண்ணாடியிலும் கட்டிய கட்டடம் ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை நடக்கக்கூடியது. எண்பது கண்ணாடி மறுபடி அதே விலையில் கிடைக்கும் என்று நம்பி ஊருக்கே வீடு கட்ட முடியாது. விலையில்லாப் பொருளைச் சுவராக்க மாணவர்கள் மாதக்கணக்கில் உழைத்த கூலியைக் கணக்கில் சேர்த்தால் அது மலிவும் இல்லை. ஒழுகினால் மாற்ற உதிரிப் பொருள் கிடைக்காது, உள்ளூர்த் தச்சருக்கும் அதைப் பழுது பார்க்கத் தெரியாது. விரைவிலேயே பழுதாகும் கட்டடம், எந்தப் பழைய பொருளால் கட்டியிருந்தாலும், மறுபடியும் குப்பைதான். ஹேல் கவுண்டியில் வீடில்லாத முதியவர்கள் வாங்கக் கூடியதாக இருந்தது சக்கரம் வைத்து இழுத்து வரும் தகர டிரெய்லர் வீடு. வாங்கிய நாளிலிருந்தே விலை இறங்குகிற, வெயிலில் தகிக்கிற, சில பத்தாண்டுகளில் உளுத்துப்போய்க் காட்டோரம் தள்ளப்படுகிற வீடு. சாலையெங்கும் அவற்றின் எலும்புக்கூடுகளைப் பார்க்கலாம். இந்த வட்டாரத்தின் மிகப்பெரிய கட்டடக் கழிவு அதுவாகவே இருக்கக்கூடும்.

2005இல் ஸ்டூடியோ தனக்கே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. அரசு ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழ்கிற ஒருவர், அரசின் ஊரகக் கடனை வாங்கினால் மாதம் நூறு டாலர் அளவில் தவணை கட்ட முடியும். அந்தத் தவணைக்குள் அடங்கும் வீட்டின் விலை 20,000 டாலர். பொருளுக்கு ஏறத்தாழ 12,000, மீதி கொத்தனார், தச்சர் கூலியும் காண்ட்ராக்டர் லாபமும். இதற்குள் ஒரு நல்ல வீடு முடியுமா? ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர் அணி இந்த ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டது. தானமாக வந்த பொருள் எதையும் சேர்க்கக் கூடாது. ஊர்க் கடையில் கிடைக்கிற மரம், தகரம், ஆணி மட்டுமே.

வகுப்பறையில் எவ்வளவு சொன்னாலும் ஏறாத விஷயங்களை இந்த நிபந்தனை ஏற்றிவிடுகிறது. ஒட்டுப்பலகை கடையில் 4 அடிக்கு 8 அடி அளவில்தான் வரும். சுவரின் நீளத்தை 13 அடியாக வரைந்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு துண்டை வெட்டி எறிய வேண்டும். 12 அல்லது 16 அடியாக வரைந்தால் எறிவதற்கு ஒன்றும் மிஞ்சாது. தண்ணீர்க் குழாய் போகும் சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரின் இரு பக்கமும் அமைந்தால் குழாய் பாதியாகிறது. வீட்டைத் தரையிலிருந்து சிறு தூண்களின் மேல் தூக்கி வைத்தால் கான்கிரீட் குறைகிறது, கறையான் கண்ணில் படும், அடியில் காற்று ஓடும். கூரையை உயர்த்தி ஜன்னல்களை எதிரெதிரே வைத்தால் ஏசி குறைவாக ஓடும். இப்படி ஐந்நூறு சதுர அடியைச் சற்றே தாண்டிய வீடுகள் பல உருவாயின. ஒவ்வொன்றுக்கும் அதில் முதலில் குடியேறியவரின் பெயர். முன் தாழ்வாரத்தை மட்டும் எந்த அணியும் விட்டுக்கொடுக்கவில்லை. சிக்கனம் என்று அதை வெட்டியிருந்தால் அந்த ஊரின் வாழ்க்கையையே வெட்டியதாகியிருக்கும்.

இத்தனை பாடுபட்டு விலையைக் குறைத்த பிறகு ஒரு தடை வந்தது. 20,000 டாலர் வீட்டுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் முன்வரவில்லை. இவ்வளவு சிறிய கடனுக்காகக் காகித வேலை பார்ப்பது அவற்றுக்குக் கட்டுபடியாகவில்லை. ஓட்டு வீடோ தகர வீடோ, அதன் பின்னால் கடன், காப்பீடு, மின்கட்டணம், மனைப் பட்டா என்று ஒரு சங்கிலி இருக்கிறது என்பதை மாணவர்கள் இப்படித்தான் கண்டார்கள். அந்தச் சங்கிலி முழுவதையும் ஆராய ஸ்டூடியோ 'ஃபிரன்ட் போர்ச்' என்ற தனித் திட்டத்தையே தொடங்கியது. ஆபர்னுக்குப் பக்கத்தில் ஓபலைக்காவில் ஒரே வரைபடத்தை வைத்து அடுத்தடுத்து இரண்டு வீடுகளை எழுப்பினார்கள். வெப்பக் காப்பில் ஒன்று மிகக் கடுமையான தரத்துக்கு, மற்றது அதைவிடச் சற்று எளிய தரத்துக்கு. கூடுதலாகப் போட்ட பணம் மின்கட்டணத்தில் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்க அந்த ஏற்பாடு. வீடு கட்டும் செலவை மட்டும் பார்த்த கண், மாதாமாதம் அதை நடத்துகிற செலவுக்குத் திரும்பிய இடம் இது. ஓய்வூதியக்காரருக்கு உயிர்போகும் பிரச்சினை ஆகஸ்ட் மாத மின்கட்டணம்தான்.

இன்னொரு கழிவும் இந்த மண்ணில் இருக்கிறது, யாரும் படம் எடுக்க விரும்பாதது. கரிசல் களிமண் தண்ணீரை உள்ளே விடாது. செப்டிக் டேங்க் போட்டாலும் கழிவுநீர் மண்ணில் இறங்காமல் மேலே பொங்கி முற்றத்தில் நிற்கும். இந்த மண்ணுக்கு ஏற்ற அமைப்பை வைக்க ஏழைக் குடும்பத்தால் முடிவதில்லை. அலபாமாவின் பொறியியல் கல்வித் துறையினரோடு சேர்ந்து, பல வீடுகளின் கழிவுநீரை ஒன்றாகத் திரட்டிச் சுத்திகரிக்கும் முயற்சியை ஸ்டூடியோ நியூபர்னில் எடுத்திருக்கிறது. அழகான வீட்டின் கொல்லையில் சாக்கடை தேங்கி நிற்கும்போது நீடித்த வடிவமைப்பு என்று பேசுவதில் பொருளில்லை. இதைப் பாடத்துக்குள் கொண்டுவந்ததற்காகவே இந்தப் பள்ளியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

திரும்பும் வழியில் கிரீன்ஸ்பரோவின் லயன்ஸ் பூங்காவில் வண்டியை நிறுத்தாமல் போகக் கூடாது. 2006 முதல் ஒவ்வோர் அணியாக வந்து, முந்தைய அணி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து கட்டிய பூங்கா. அதன் விளையாட்டுத் திடல் 2010இல் முடிந்தது. புதினா எண்ணெய் அடைத்து வந்த 2,000 இரும்பு டிரம்களை அடுக்கிச் சந்து சந்தாகப் பிரித்த ஒரு சுற்றுவழி. டிரம்களின் நிழலில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடலாம். நாகமுலாம் பூசிய இரும்பு என்பதால் எளிதில் துருப்பிடிக்காது. பழைய பொருளும் வேண்டும், பல்லாண்டு நிற்கவும் வேண்டும் என்ற இரண்டு பாடமும் ஒன்றாகச் சேர்ந்தது இங்கேதான். டயர் தேவாலயத்தைவிட இந்தத் திடலே ஸ்டூடியோவின் முதிர்ந்த வேலை.

அதே ஊரில் 1968 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங்கைக் கொலைகாரக் கும்பலிடமிருந்து ஒளித்து வைத்துக் காத்த சிறு வீடு இருக்கிறது. அதையும் அருகிலிருந்த வீட்டையும் இடிக்காமல் செப்பனிட்டு, 2010இல் அருங்காட்சியகமாக்கியவர்களும் இந்த மாணவர்கள். நியூபர்னில் மூடிக்கிடந்த வங்கிக் கட்டடம் 2013இல் நூலகமானது. புதிதாகக் கட்டாமல் இருப்பதையும் வடிவமைப்பு என்று இங்கே கற்றுத் தருகிறார்கள்.

இந்த வழியே போக நினைக்கும் வாசகர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நூலகம், லயன்ஸ் பூங்கா, மேரியன் அருகே பழைய தீக்காவல் கோபுரத்தைப் பறவை பார்க்கும் கோபுரமாக்கிய பெரி லேக்ஸ் பூங்கா ஆகியவை பொது இடங்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம். மேசன்ஸ் பெண்டின் வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். சாலையிலேயே நின்று பாருங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஆண்டு இறுதியில், மே மாத வாக்கில், மாணவர்கள் முடித்த வேலைகளை வரிசையாகச் சுற்றிக் காட்டி ஊருக்கே விருந்து வைக்கிறார்கள். வீடுகளைக் கட்டியவர்களிடமே கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் அந்தச் சமயத்தில் போவது நல்லது.